மறுகாலில் பலகை வைத்த நாள்

கல்லூரி மலரில் 'ஓய்வு பெற்றோர் பக்கம்' என்று ஒன்று ஆரம்பிக்கிறார்களாம். எழுதித் தரச் சொல்லி ஜூனியர்கள் என்னைப் பிடித்துவிட்டார்கள். எனக்கு வயது இருபத்தொன்பது. தலையில் நரை இல்லை, பென்ஷனும் இல்லை. ஆனால் கட்டடக்கலையை விட்டுவிட்டுத் தென்காசியில் அப்பாவின் ஹார்டுவேர் கடையில் வந்து உட்கார்ந்துவிட்டேன் அல்லவா, அதனால் நானும் ஓய்வு பெற்றவள்தானாம். பெருமையாகவே ஏற்றுக்கொள்கிறேன். அப்பாவுக்கு மூட்டு தேய்ந்தது, எனக்கு வியாபாரம் பிடித்தது, வந்தேன். சோகக் கதை எதிர்பார்த்தவர்கள் பக்கத்தைப் புரட்டிவிடலாம்.

கேட்டதோடு விடாமல் ஒரு படமும் அனுப்பியிருந்தார்கள். கணினியிடம் சொல்லி வரவழைத்த படம். குளக்கரையில் ஆசிய பாணி வீடு. தாழ்ந்து இறங்கும் கூரை, அகலமான மரத்தளம், தளத்துக்கு விரற்கடை கீழே கண்ணாடி மாதிரித் தண்ணீர். "கெத்தா இருக்குல்லக்கா?" என்று ஒரு வரி. கெத்தாகத்தான் இருந்தது. ஆனால் அந்தத் தண்ணீருக்கு மாதம் கிடையாது. அது சித்திரைத் தண்ணீரா, கார்த்திகைத் தண்ணீரா என்று படத்துக்குத் தெரியாது. பார்த்ததும் படத்தை மூடிவிட்டேன். ஏனென்றால் கிட்டத்தட்ட அதே மாதிரி ஒரு வீட்டின் முன்னால் நான் மார்பளவுத் தண்ணீரில் நின்று, தலைக்கு மேலே கூரை முனக, போல்ட் கழற்றியிருக்கிறேன். அதை எழுதுகிறேன். மற்றதெல்லாம் சும்மா.

சென்னையில் ஐந்து வருடம் படித்தேன். தூங்காமல் மாடல் செய்தேன், பசை ஒட்டிய விரலோடு இட்லி தின்றேன், திட்டு வாங்கினேன், பட்டம் வாங்கினேன். அதில் சொல்வதற்கு ஒன்றுமில்லை. ஊருக்குத் திரும்பி ஜெசிந்தா மேடத்திடம் வேலைக்குச் சேர்ந்தபோதுதான் படிப்பே ஆரம்பித்தது.

மேடத்தின் அலுவலகம் குற்றாலம் போகும் சாலையில் ஒரு மாவு மில்லுக்கு மேலே இருந்தது. மில் ஓடினால் மேசை அதிரும். அந்த நேரத்தில் கையால் கோடு போடக் கூடாது என்பது அலுவலகச் சட்டம். மேடத்துக்கு ஐம்பது தாண்டியிருக்கும். கஞ்சி போட்ட காட்டன் சேலை, கழுத்தில் சின்னச் சிலுவை, கையில் சிவப்புப் பென்சில். குரலை உயர்த்தவே மாட்டார். ஏசுவதைக்கூடப் பக்கத்து வீட்டுச் செய்தி சொல்வது போலத்தான் சொல்வார். நான் முதன்முதலில் ஆற்றோரத்து வீடு ஒன்றை வரைந்து நீட்டியபோது கொஞ்ச நேரம் பார்த்தார்.

"நல்லாருக்குட்டி. இது எந்த மாசத் தண்ணி?"

"மேடம்?"

"நீலக் கலர் அடிச்சிருக்கல்லா, அது எந்த மாசத்துலன்னு கேக்கேன்."

அவர் சிவப்புப் பென்சிலால் என் நீலத்தின் மேல் ஒரு கேள்விக்குறி போட்டுத் திருப்பித் தந்துவிட்டார்.

அவருடைய முறை இதுதான். தண்ணீர் ஓரத்தில் எது கட்டினாலும் முதலில் வீட்டை வரையக் கூடாது, தரையையும் வரையக் கூடாது. வெறும் தாளில் தண்ணீரை வரைய வேண்டும். குளம் என்றால் மூன்று கோடு. கோடையில் வற்றிக் கிடக்கும் மட்டம் ஒன்று. குளம் நிறைந்து மறுகால் பாயும் மட்டம் இன்னொன்று. மறுகால் என்பது மிச்சத் தண்ணீர் வழிந்து போகும் கல் அணை. எங்கள் பக்கத்துக் குளங்களில் அந்த அணையின் மேல் வரிசையாகக் கற்களை நட்டு வைத்திருப்பார்கள். கார்த்திகையில் மழை தணியும் சமயம் பார்த்து விவசாயிகள் அந்தக் கற்களுக்கு நடுவே பனம்பலகையைச் செருகி, வைக்கோலும் களிமண்ணும் வைத்து அடைப்பார்கள். குளம் இன்னும் ஒரு முழம் ஏறி நிற்கும். பிசானம் என்னும் பின்பருவ நெல்லை அறுக்கும் வரைக்கும் அந்த ஒரு முழம்தான் தாங்கும். அந்தப் பலகை மட்டம்தான் மூன்றாவது கோடு. அதற்கு மேலே ஒரு படி விட்டுத்தான் மேடம் தரையையே ஆரம்பிப்பார்.

இப்போது பொன்ராஜ் அண்ணாச்சி வருகிறார். சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வாழ்நாளெல்லாம் வேலை பார்த்துவிட்டு ஊருக்குத் திரும்பியவர். வடகரைக்கும் பண்பொழிக்கும் நடுவே ஒரு குளத்தின் ஓரமாக அவருக்குப் பட்டா நிலம் இருந்தது. ஒரு பக்கம் தென்னந்தோப்பு, மேற்கே மலை, முன்னால் தண்ணீர், தண்ணீருக்குள் கருவேல மரங்கள், மரம் முழுக்க நாரைக் கூடு. சாரல் காலத்தில் எங்களைக் கூட்டிப் போய்க் காட்டினார். சாரல் முகத்தில் அடிக்கிறது, மலை பாதி மேகத்துக்குள் இருக்கிறது. எனக்கு அங்கேயே குடியேறிவிடலாம் போலிருந்தது.

"மேடம், எனக்கு ஆசியா ஸ்டைல்ல வேணும். ஜப்பான் மாரி சுத்திவர வராந்தா. பாலித் தீவுல இருக்குல்லா, அந்தக் கூரை. தாய்லாந்து மாரி தண்ணிக்கு மேல மரத்தளம்."

"ஆசியா ஸ்டைலா? அப்ப வடகரை எந்தக் கண்டத்துல இருக்கு அண்ணாச்சி, ஆப்பிரிக்காவுலயா?"

அவர் சிரித்தார். மேடம் சிரிக்கவில்லை. வருடத்தின் வெவ்வேறு பருவங்களில் என்னை அந்த நிலத்துக்கு அனுப்பினார். போனை வண்டிக்குள் வைத்துவிட்டுக் காலையிலிருந்து மாலைவரை உட்கார வேண்டும். காற்று எங்கிருந்து வருகிறது, நாரை எந்த உயரத்தில் இறங்குகிறது, மழைத்தண்ணீர் எந்தப் பக்கமாகக் குளத்துக்குப் போகிறது, இதையெல்லாம் வந்து வாயால் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு கட்டளைகள் வந்தன. மண்ணை வெட்டி மேடு பண்ணக் கூடாது, கல் தூண் மேல்தான் வீடு. கழிவுத்தொட்டி சாலைப் பக்கம்தான். குளத்தைப் பார்த்து விளக்கு கூடாது, கூட்டில் பறவை இருக்கிறது. மலைப் பக்கம் மதில் கூடாது, யானை இறங்கும் பாதை அது. வாழை வைக்கவே கூடாது.

"வாழை ஏன் மேடம் கூடாது?" என்று அண்ணாச்சி கேட்டார்.

"யானைக்கு விருந்துக்கு அழைப்பு வச்சமாரி ஆயிரும். வந்துட்டு உங்க ஜப்பான் வராந்தாவுலதான் கை கழுவும்."

எல்லாவற்றுக்கும் தலையாட்டியவர் ஒரே ஒரு இடத்தில் முறுக்கிக்கொண்டார். மூன்றாவது கோடு. மேடம் வராந்தாவைப் பலகை மட்டத்துக்கு மேலே வைத்து, அங்கிருந்து குளத்துக்குக் கல் படிகளை இறக்கியிருந்தார். மரத்தளமே கிடையாது.

"இம்புட்டு ஒசரத்துல உக்காந்தா தண்ணி எங்கயோல்லா கெடக்கும்? எனக்குக் காலத் தண்ணிக்குள்ள விட்டுட்டு உக்காரணும் மேடம். அதுக்குத்தான இந்த வீடே!"

"பலகை வச்சா தண்ணி மேல வரும் அண்ணாச்சி."

"பலகையா? அதெல்லாம் அப்பம். இப்பம் எவன் பயிர் வைக்கான்? பாதி வயல் பிளாட்டு ஆயிட்டு. மீதிப்பேரு தென்னைய நட்டுட்டு கோயம்புத்தூருக்குப் போயிட்டான். நான் இந்த ஊர்க்காரன், எனக்குத் தெரியாதா?"

வெளியூர்க்காரர் யாரும் இந்தத் தப்பைச் செய்யமாட்டார், அவருக்குப் பலகை என்றால் என்னவென்றே தெரியாது. பயந்துபோய் உயரத்தில் கட்டுவார். ஊர்க்காரருக்குத்தான் இந்தத் தைரியம் வரும். அவர் சொன்னதில் பொய்யும் இல்லை. மழை சரியாக இல்லாததால் சில வருடங்களாக அந்தக் குளம் நிறையவே இல்லை, பலகையும் வைக்கவில்லை. ஆனால் மேடம் கோட்டை இறக்கவில்லை. "மழை பெய்யாம இருக்குமுன்னு கையெழுத்து போட்டுத் தருவியளா?" என்று மட்டும் கேட்டார்.

வீடு எழுந்தது. ஜூனியர்களே, உண்மையிலேயே அழகான வீடு. தேக்குத் தூண்கள், அவற்றின் மேல் தாழ்ந்து இறங்கும் ஓட்டுக் கூரை, மூன்று பக்கமும் வராந்தா. அந்தக் கூரையின் முன்பகுதி முழுக்க நான் வரைந்தது. மேடம் சிவப்புப் பென்சிலே வைக்காத என் முதல் வரைபடம். எங்கள் வேலை முடிந்தது, பூச்சு வேலை பாக்கி, தை பிறந்ததும் பால் காய்ப்பு என்று பத்திரிகை அடித்துவிட்டார்கள்.

கார்த்திகையில் குளம் நிறைந்தது. பல வருடம் கழித்து மறுகால் பாய்கிறது என்று ஊரே வண்டி கட்டிக்கொண்டு பார்க்கப் போனது. இரண்டு நாள் கழித்து, மதியச் சாப்பாட்டு நேரத்தில், பாசனச் சங்கத் தலைவர் சங்கரபாண்டி அண்ணாச்சி மேடத்துக்கு போன் செய்தார்.

"மேடம், நீங்க கட்டுன வீட்டுக்காரன் மறுகால்ல ஏறி உக்காந்துகிட்டு எந்திரிக்க மாட்டேங்கான். நீங்க வாரியளா, நாங்க தூக்கி எறியட்டா?"

மேடத்தின் பழைய காரில் போனோம். முதலில் வீட்டுக்குத்தான் போனோம். நாங்கள் வராமல் இருந்த நாட்களில் அண்ணாச்சி தன் மரத்தளத்தைக் கட்டிவிட்டிருந்தார். தண்ணீருக்கு ஒரு சாண் மேலே, வீட்டின் அகலம் முழுக்க. அதுகூடப் பரவாயில்லை. மிதக்கும் தளம் மாதிரி இருக்கட்டும் என்று அடியில் வரிசையாகக் காலி பிளாஸ்டிக் டிரம்களைக் கட்டியிருந்தார். அப்புறம் அது நகர்ந்துவிடக் கூடாதே என்று தளத்தின் சட்டங்களை வராந்தாவைத் தாண்டித் தண்ணீருக்குள் இறங்கும் முன்தூண்களோடு சேர்த்து போல்ட் போட்டு முறுக்கியிருந்தார்.

மிதப்பது என்றால் மிதக்க விட வேண்டும், கட்டுவது என்றால் கட்டி வைக்க வேண்டும். இவர் இரண்டையும் சேர்த்துச் செய்துவிட்டார். பலகை வைத்தால் தண்ணீர் ஒரு முழம் ஏறும். டிரம்கள் தளத்தை மேலே தூக்கும். தளம் தூண்களைப் பிடுங்கும். தூண்களின் மேல் என் கூரை.

தளத்தைச் செய்த தச்சர் சசி, கேரளத்துப் புனலூர்க்காரர், தலையைச் சொறிந்தார். "ஞான் பறஞ்ஞதா மேடம். ஓணர் கேட்டில்ல."

மறுகாலுக்குப் போனோம். குளக்கரை வழியாகக் கூப்பிடு தூரம்தான். தண்ணீர் நுங்கும் நுரையுமாக வழிந்துகொண்டிருந்தது. கரையில் பனம்பலகையும் வைக்கோல் கட்டுமாகப் பத்துப் பதினைந்து பேர். அணையின் நட்டநடுவில், இரண்டு கல்லுக்கு இடையில், குடையைப் பிடித்தபடி பொன்ராஜ் அண்ணாச்சி. வேட்டி நனைந்து, இடுப்பைச் சுற்றித் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

"ஏலே பொன்ராஜு, எந்திரிலே! தண்ணி வீணாப் போவுது!" என்று சங்கரபாண்டி கத்தினார். இருவரும் ஒரே வகுப்பில் படித்தவர்களாம்.

"போட்டும்! எம் வீட்டுக்குள்ள தண்ணி வந்தா நீயா வந்து இறைப்ப?"

"வீட்ட ஏம்லே குளத்துக்குள்ள கொண்டு வச்ச?"

"எம் பட்டா நெலம்டா அது!"

"பட்டாவ எங்க பயிருக்குக் காட்டு. அதப் பாத்துட்டு வெளையுதான்னு பாப்போம்."

கரையில் சிரிப்பு. சங்கரபாண்டி சிரிக்கவில்லை. மேற்கே கையைக் காட்டினார். மலை கறுத்துக்கொண்டு வந்தது. "மேடம், மேல ஒரு மழை ஊத்துச்சுன்னா ஓட்டம் கூடிரும். பொறவு பலகை நிக்காது, அடிச்சிட்டுப் போயிரும். இன்னைக்கு வைக்கலன்னா இந்த வருசப் பயிரு அவ்வளவுதான். சாயங்காலம் மாடு திரும்புத வரைக்கும் பாப்பேன். பொறவு ஆளோட சேத்துப் பலகைய வைப்பேன்."

மேடம் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அணையின் ஓரம் வரை போனார்.

"அண்ணாச்சி, தளத்தக் கழத்திருவோம்."

"கழத்தமாட்டேன். கழத்துனா இவனுவ பலகை வைப்பானுவ."

"கழத்தாம பலகை வச்சா தூணு போயிரும்."

"அதான் வைக்க விடாம உக்காந்திருக்கேன்லா!"

இதற்கு மேல் பேச என்ன இருக்கிறது? நான் போலீஸைக் கூப்பிடலாமா, அவர் வீட்டம்மாவைக் கூப்பிடலாமா என்று கிசுகிசுத்தேன். மேடம் மலையைப் பார்த்தார், அண்ணாச்சியைப் பார்த்தார், அவருக்கும் வீட்டுக்கும் நடுவே உள்ள கரையைப் பார்த்தார். "வாட்டி" என்று நடந்துவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும், "சசி, பெரிய ஸ்பானரும் சுத்தியலும் கொண்டா."

"ஓணர் பறயாதெ..."

"ஓனரு அங்கன குளிச்சிட்டிருக்காரு. நீ கொண்டா."

சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஜெசிந்தா மேடம் தண்ணீருக்குள் இறங்கினார். அதுவரை ஈரத்தரையில்கூட அவர் செருப்பில்லாமல் நின்று நான் பார்த்ததில்லை. பின்னாலேயே நானும் இறங்கினேன். குளிர் முதுகுத்தண்டு வரை ஏறியது. முதல் தூணின் போல்ட்டில் ஸ்பானரை மாட்டிவிட்டு, சுத்தியலை என்னிடம் தந்தார்.

"ஓங்கி அடிட்டி."

"மேடம், புது போல்ட்டு. கையிலயே திரும்புது."

"அடிங்கேன்லா. நல்லாக் கேக்கணும்."

யாருக்குக் கேட்க வேண்டும் என்று புரியாமலேயே அடித்தேன். ணங், ணங் என்று குளம் முழுக்க அதிர்ந்தது. கருவேல மரங்களிலிருந்து நாரைகள் மொத்தமாக எழும்பின. முதல் தூண் கழன்றது. இரண்டாவது தூணில் பாதி வந்திருப்போம், கரை மேல் ஒரு குடை ஓடி வந்தது. குடைக்குக் கீழே அண்ணாச்சி.

"ஏட்டி! எவ அவ எம் வீட்டுல கைய வைக்கவ! மேடம், நீங்களா? என்ன அநியாயம் இது! போலீசக் கூப்புடுவேன்!"

அவர் தோளுக்குப் பின்னால் நான் பார்த்தேன். மறுகாலில் ஆட்கள் மளமளவென்று இறங்கிவிட்டார்கள். ஒரு பலகை, அடுத்த பலகை, வைக்கோல், களிமண். அருவி மாதிரி இருந்த சத்தம் தேய்ந்து, நின்றேவிட்டது. அந்த அமைதியில் அண்ணாச்சியும் திரும்பிப் பார்த்தார்.

மேடம் ஸ்பானரிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார். "ஆளு எந்திரிக்காம பலகை எப்படி வைக்க? என்னத்தப் பாத்துட்டு நிக்கிய அண்ணாச்சி? இன்னொரு ஸ்பானரு அந்தச் சட்டிக்குள்ள கெடக்கு."

இனி வேறு வழியில்லை. அவரும் இறங்கினார். அதே நேரம் மலையில் மழை பிடித்துக்கொண்டது. சற்று நேரத்தில் ஓடைத்தண்ணீர் செக்கச்செவேல் என்று வந்து குளத்தில் விழ ஆரம்பித்தது. தண்ணீர் ஏறுவது கண்ணுக்குத் தெரியவில்லை. ஆனால் இடுப்பில் இருந்தது வயிற்றுக்கு வந்தது, வயிற்றில் இருந்தது நெஞ்சுக்கு வந்தது. டிரம்கள் ஒன்றோடொன்று இடித்து உறுமின. ஒவ்வொரு தூணாகக் கழற்றிக்கொண்டே போனோம். கழன்ற பக்கமெல்லாம் தளம் மேலே எழும்ப, கழலாத தூணின் மேல் மொத்த இழுப்பும் சேர்ந்தது.

கடைசித் தூணின் போல்ட் தண்ணீருக்குள் போய்விட்டது. கையால் தடவித்தான் கண்டுபிடித்தேன். ஸ்பானரை மாட்டி இழுத்தேன். அசையவில்லை. தளம் தூக்கும் தூக்கில் போல்ட் இறுகிப்போய் இருந்தது. மேலே தூண் 'க்ரீச்' என்று முனகியது. ஒரு ஓடு சரிந்து என் பக்கத்தில் தண்ணீரில் விழுந்தது. அடுத்தது மேடத்தின் தோளை உரசிக்கொண்டு போனது.

"வெளிய வாட்டி!" வாழ்க்கையில் முதல்முறையாக மேடம் கத்தினார்.

நான் வரவில்லை. வீரமெல்லாம் இல்லை. அது என் கூரை. "மேடம், இந்த மூலைய கீழ அமுக்குங்க! எல்லாரும் ஏறி நில்லுங்க!"

சசி ஏறினார். மேடம் ஏறினார். தளம் கொஞ்சம் தாழ்ந்தது, போதவில்லை. தூண் மறுபடி முனகியது. அண்ணாச்சி குடையைத் தூக்கி எறிந்துவிட்டு, தடாலென்று மூலையில் குதித்தார். கனத்த ஆள். தளம் ஒரு விரற்கடை இறங்கியது. மூச்சைப் பிடித்துத் தலையைத் தண்ணீருக்குள் விட்டு இழுத்தேன். நட்டு அசைந்தது. இன்னொரு இழு. கையோடு வந்துவிட்டது.

தளம் பெரிய பெருமூச்சோடு தூணை விட்டு விலகியது. மேடமும் சசியும் படிக்குத் தாவிவிட்டார்கள். அண்ணாச்சி தாவவில்லை. மிதக்கும் தளம், கடைசியில் நிஜமாகவே மிதந்து, சொந்தக்காரரைச் சுமந்துகொண்டு மெல்லக் குளத்துக்குள் போனது. நடுவில் அவர், இரண்டு கையையும் விரித்து, அசையாமல் நின்றார்.

கரையிலிருந்து விசில் பறந்தது. சங்கரபாண்டியின் குரல் தண்ணீர் மேல் தவழ்ந்து வந்தது. "ஏலே பொன்ராஜு! திரும்பவும் சிங்கப்பூருக்கா?"

நான் படியில் உட்கார்ந்து அழுதேனா சிரித்தேனா என்று இன்றைக்கும் தெரியாது. தூண்கள் நின்றன. கூரை நின்றது. மேடம் சேலையைப் பிழிந்துகொண்டே, "அவரு சாப்பிட்ட சாப்பாடு வீணாப் போகலட்டி" என்றார், பழைய குரலில்.

கயிறு கட்டி இழுத்தோம். அதன் பிறகு அண்ணாச்சி எங்களோடு பேசவில்லை. தளத்தைப் பிரித்துப் போட்ட பலகைகளைச் சங்கரபாண்டி கேட்டு வாங்கிப் போனார் என்று சசி சொன்னார். மறுகாலுக்கு அளவு சரியாக இருந்ததாம்.

தையில் பால் காய்ப்புக்கு அழைப்பு வந்தது. ஏச்சு வாங்கத் தயாராகத்தான் போனோம். வீடு நிறையச் சொந்தக்காரர்கள். வராந்தாவில் வடை, கேசரி. குளம் பலகை மட்டத்துக்கு நிறைந்து, ஒரு சுருக்கம் இல்லாமல் கிடந்தது. கல் படிகளில் மேல் படி ஒன்றுதான் வெளியே தெரிந்தது. பட்டு வேட்டியை முட்டி வரை மடக்கிக்கொண்டு அந்தப் படியில் அண்ணாச்சி உட்கார்ந்திருந்தார். கணுக்கால் வரை இரண்டு காலும் தண்ணீருக்குள். சின்ன மீன்கள் விரல்களைச் சுற்றிக் கொத்திக்கொண்டிருந்தன.

பக்கத்தில் அவருடைய சிங்கப்பூர்ச் சிநேகிதர்கள் இரண்டு பேர். ஒருவர் கேட்டார், "எப்பிடி வே, அளந்து வச்சமாரி தண்ணி கரெக்டா கால்ல வந்து நிக்கி?"

"அதுக்கெல்லாம் ஊர்க்காரனா இருக்கணும் வே. இன்ஜினியருமாரு இன்னும் கீழ இறக்கணும்னுதான் ஒத்தக்கால்ல நின்னாவ. நாந்தான் ஒத்துக்கல. மறுகால்ல பலகை வைப்பாவளே, அதக் கணக்குல எடுக்காண்டாமான்னு சத்தம் போட்டுட்டேன்."

நான் ஒரு எட்டு முன்னால் வைத்தேன். "மேடம், கேட்டியளா? நான் போயி..."

மேடம் என் கையைப் பிடித்தார். கையில் இருந்த வடையை நிதானமாகத் தின்று முடித்தார். அந்தப் படியை ஒருமுறை பார்த்தார், கூரையை ஒருமுறை பார்த்தார். கைக்குட்டையில் விரலைத் துடைத்துக்கொண்டார்.

"இப்பம்தான் வீடு அவருது ஆயிருக்குட்டி. வா, நாம போவோம்."